ஓய்வறைக்குப் போன சோதனைகள்

ஒரு காரியத்தைச் சரியாகச் செய்வதைவிட வேகமாகச் செய்வது மேல், வேகமாகச் செய்வதைவிட எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்வது இன்னும் மேல் என்று மனதார நம்புகிற ஒரு குழு இருந்தது. கெட்டவர்கள் இல்லை. சம்பளம் இல்லாமல் உழைத்தார்கள். சம்பளம் இல்லாமல் உழைக்கிறவனைப் பார்த்து நாக்கு மேல் பல்லைப் போட்டு யாரும் ஒரு கேள்வி கேட்க முடியாது என்பதையும் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். அதற்குப் பிறகு அவர்களைப் பிடிக்க ஆளில்லை.

அவர்கள் செய்த பொருள் ஒரு திரைவாசிப்பான். கண் தெரியாதவர்களுக்குக் கம்ப்யூட்டர் திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்துச் சொல்லும் மென்பொருள். திறந்த மூலம் என்று பேர். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம், காசு கொடுக்க வேண்டியதில்லை. திருத்தம் அனுப்பலாம் என்றுதான் சொன்னார்கள். உள்ளே விடுவோம் என்று சொல்லவில்லை. வாசலில் சோதனைகள் நின்றன.

அந்தச் சோதனைகளை மனிதர்கள் உட்கார்ந்து செய்வதில்லை. சோதனை என்பதே ஒரு குட்டி நிரல். இந்தப் பொத்தானை அமுக்கினால் இந்தச் சத்தம் வருகிறதா, அந்த வரியைப் படிக்கச் சொன்னால் அந்த வரியைத்தான் படிக்கிறதா என்று ஒவ்வொன்றும் ஒரு விஷயத்தைப் பார்க்கும். சரியாக இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. ஒரே ஒரு சிவப்பு இருந்தாலும் திருத்தம் உள்ளே போகாது. முன்பெல்லாம் இவை வரிசையில் நின்று ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. மத்தியானம் பூராவும் ஆகும். பிறகு தலைவர் வந்தார்.

தலைவருக்குக் கழுத்தில் எப்போதும் ஏதாவதொரு மாநாட்டின் அடையாள அட்டை தொங்கும். தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலிருந்து கேமராவில் பேசும்போதும் தொங்கும். அவர்தான் அத்தனை சோதனைகளையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டவர். தேநீர் ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். இந்தத் தேநீரை அவர் பல நாட்டு மேடைகளில் ஆறவைத்துக் கைதட்டல் வாங்கியிருந்தார்.

அவர் செய்ய மறந்தது ஒன்றுதான். சோதனைகளுக்குத் தனித்தனி இடம் ஒதுக்கவில்லை. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒலிபெருக்கி, மொழி, சத்தம் என்று விருப்பங்களைக் குறித்துவைக்க ஒரே அமைப்புக் கோப்பு, நடிப்புக்காக உண்டாக்கிய ஒரே ஒரு போலிப் பயனர். ஒரு சோதனை மொழியை மாற்றிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று பழைய மொழியில் படிக்கச் சொல்லும். ஒரு சோதனை பயனரின் கணக்கை அழித்துப் பார்க்கும். அதே நொடியில் இன்னொன்று அவரை உள்ளே வரச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். எல்லா வகுப்புப் பிள்ளைகளையும் ஒரே ஹாலில் உட்காரவைத்து, மொத்தப் பேருக்கும் சேர்த்து ஒரே விடைத்தாளை நீட்டின மாதிரி இருந்தது.

இந்த உவமை நம் டீச்சருடையது. அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். குழுவிலும் எல்லாரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். பேர் கேட்க யாருக்கும் நேரமில்லை.

அவள் அங்கே போய்ச் சேர்ந்தது அத்தானுக்காக. அக்கா வீட்டுக்காரருக்குப் பிறவியிலிருந்தே கண் தெரியாது. ஓர் ஆஸ்பத்திரியின் முன் மேஜையில் உட்கார்ந்து, போனில் கூப்பிடுகிறவர்களுக்கும் நேரில் வருகிறவர்களுக்கும் எந்த டாக்டர் எப்போது வருவார் என்று சொல்வார். ஒரு காதில் போன், இன்னொரு காதில் திரைவாசிப்பானின் ஹெட்போன். அவர் குரலைக் கேட்டாலே பாதி வியாதி போய்விடும் என்று வயதானவர்கள் சொல்வார்கள். அவருக்கும் அந்த மேஜை என்றால் உயிர்.

திரைவாசிப்பானின் முந்தைய வெளியீட்டிலிருந்து ஒரு சிக்கல். அது ஒரு வரியைப் படித்துக்கொண்டிருக்கும்போது திரையில் வேறு ஏதாவது செய்தி எட்டிப் பார்த்தால், வரியின் வாலை அப்படியே விழுங்கிவிட்டுப் புதுச் செய்திக்குத் தாவிவிடும். 'எலும்பு டாக்டர் வியாழக்கிழமை வர மாட்டார்' என்பதில் 'எலும்பு டாக்டர் வியாழக்கிழமை' வரைக்கும்தான் அத்தான் காதில் விழுந்தது. வியாழக்கிழமை வாங்க என்று சொல்லிவிட்டார். காலில் மாவுக்கட்டோடு ஒருவர் பஸ் ஏறி வந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். மறு வாரமும் இதே மாதிரி ஒன்று. மேலதிகாரி அத்தானை உள்ளே கூப்பிட்டு, இன்னொரு புகார் வந்தால் முன் மேஜை கிடையாது, துணி மடிக்கிற அறைக்கு மாற்றிவிடுவேன் என்று தணிந்த குரலில் சொன்னார்.

"நீ கம்ப்யூட்டர் படிச்சவதானே. இதை யார்கிட்ட சொல்லணும்னு மட்டும் பாத்துச் சொல்லும்மா," என்றார் அத்தான். சலுகை கேட்கிற குரல் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற குரல்தான்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. உள்ளே புகுந்து பார்த்தாள். வரி முடிந்த பிறகு அடுத்ததைப் படி என்று சொல்லிவைத்தால் போதும், சில வரிகள்தான். எழுதினாள், தன் கம்ப்யூட்டரில் சோதனைகளை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தாள். எல்லாம் பச்சை. சந்தோஷமாகக் குழுவுக்கு அனுப்பிவைத்தாள்.

அங்கே சிவப்பு வந்தது. விழுந்தது எழுத்தின் அளவைப் பெரிதாக்கும் சோதனை. அதற்கும் அவள் திருத்தத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் யாருடைய திருத்தம் வரும்போது சிவப்பு எரிகிறதோ அவரே சிவப்புக்குச் சொந்தக்காரர் என்பது குழுவின் மரபு. அவளைக் குறைகூறாக் கூட்டத்துக்கு அழைத்தார்கள்.

குறைகூறாக் கூட்டம் ஓர் உறுதிமொழியோடு தொடங்கும். யாரையும் குறை சொல்ல மாட்டோம் என்று எல்லாரும் கேமராவைப் பார்த்து ஒரே குரலில் சொல்ல வேண்டும். இணைப்பு ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வேகம் என்பதால் ஆளுக்கொரு நேரத்தில் சொல்லி முடித்தார்கள். அதையும் தலைவர் பெருமையோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

"டீச்சர், இங்க யாரும் யாரையும் குறை சொல்றதில்ல," என்று ஆரம்பித்தார். "நேத்து உங்களால சிவப்பு வந்துச்சு. இதைக் குறையா சொல்லல, வரலாறா சொல்றேன்."

"அந்தச் சோதனைய நான் தொடவே இல்லைங்க," என்றாள் டீச்சர். "தனியா ஓட்டினா பாஸ் ஆகுது. எல்லாத்தையும் சேத்து ஓட்டறப்ப ஒண்ணு வேலைய இன்னொண்ணு கெடுக்குது. ஒண்ணொண்ணா ஓட்டிப் பாத்தா..."

"ஒண்ணொண்ணா ஓட்டினா யார் வேணா பாஸ் பண்ணலாம். அதுல என்ன பெருமை இருக்கு?" என்றார் தலைவர். "சரியா இருக்கறது மட்டும் நம்ம குறிக்கோள் இல்ல டீச்சர். அப்படி இருந்திருந்தா நாம இவ்வளவு தூரம் வளந்திருக்கவே முடியாது."

எல்லாரும் தலையாட்டினார்கள். டீச்சரும் ஆட்டினாள். ஏன் ஆட்டினோம் என்று கூட்டம் முடிந்த பிறகு யோசித்தாள். முன்பின் தெரியாத பெரியவர்கள் ஒரே திசையில் தலையாட்டும்போது கழுத்து தானாகப் பழகிவிடுகிறது. கடைசியில் வழக்கப்படி, என்னால் ஏற்பட்ட சிவப்புக்கு வருந்துகிறேன் என்று பொதுப் பலகையில் எழுதினாள். கீழே ஏழெட்டுப் பேர் இதயப் படம் போட்டிருந்தார்கள்.

குழுவின் செயலாளர் நல்ல பெண்மணி. கூட்டம் முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டு வழி சொன்னாள்.

"எதையும் மாத்தாதீங்க. மறுஓட்டம்னு ஒரு பொத்தான் இருக்கு பாருங்க, அதை அமுக்குங்க. சிவப்பு வந்தா மறுபடி அமுக்குங்க. எப்பவாவது ஒரு தடவை எல்லாம் பச்சையா வரும். வந்தவுடனே ஸ்க்ரீன்ஷாட் எடுத்துடுங்க."

"அதுவரைக்கும் வந்த சிவப்பெல்லாம்?"

"சிவப்பு எதையும் நிரூபிக்காது. பச்சை எல்லாத்தையும் நிரூபிக்கும். நாங்க எல்லாருமே அப்படித்தான் உள்ள வந்தோம்."

அன்றைக்கு வகுப்பில் பரீட்சைத் தாள் கொடுத்திருந்தாள். மூன்று பெண்கள் வந்து, இன்னொரு தடவை எழுதட்டுமா டீச்சர், பாஸாகிற வரைக்கும் எழுதுகிறோம் என்று கேட்டார்கள். அதற்குப் பேர் பரீட்சையா என்று அவர்களை விரட்டிவிட்டு, ஆசிரியர் அறைக்கு வந்து மறுஓட்டம் அமுக்கினாள். சிவப்பு. மறுபடி அமுக்கினாள். பக்கத்து நாற்காலி கணக்கு டீச்சர் எட்டிப் பார்த்தபோது திரையைச் சட்டென்று மூடினாள். தப்பு எதுவும் செய்யவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்ததே வெட்கமாக இருந்தது.

வாரம் பூராவும் அமுக்கினாள். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு சோதனை விழுந்தது. ஆனாலும் சில சோதனைகள் மற்றவற்றைவிட அடிக்கடி விழுந்தன. அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து படித்தாள். அதில் ஒன்று ஹெட்போன் சோதனை. காதில் ஹெட்போன் செருகியிருந்தால் வெளி ஒலிபெருக்கியிலிருந்து ஒரு சத்தமும் வரக்கூடாது, அதைப் பார்க்கிற சோதனை. பக்கத்தில் வேறு சோதனைகள் அதே ஒலிபெருக்கியில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தால் இது என்ன செய்யும், பாவம். சத்தம் வருகிறது, சத்தம் வருகிறது என்று கத்தித் தீர்த்தது.

அடுத்த வெளியீடு நெருங்கிவிட்டது. சனிக்கிழமை மத்தியானம் பொதுக்கூட்டம். அத்தானின் பிரச்சனையும் நிகழ்ச்சி நிரலில் இருப்பதாக அவள் சொன்னதும், நானும் வந்து கேட்கிறேன் என்று அவர் கிளம்பி வந்துவிட்டார். இஸ்திரி போட்ட சட்டை. தலைக்கு எண்ணெய் தடவிப் படிய வாரியிருந்தார். அவரைப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தாள். கேமராவைக் கொஞ்சம் திருப்பிவைத்தாள், அவர் தெரியாதபடி. அவர்களுக்கு முன்னால் இவரையும், இவருக்கு முன்னால் அவர்களையும் நினைத்து ஒரே நேரத்தில் கூச்சமாக இருந்தது.

முதல் பொருள் போலிப் பயனரின் நிலைமை. கணக்கை அழிக்கும் சோதனை அவரை அன்றாடம் பலமுறை அழிப்பது குறித்துக் குழு ஆழ்ந்த கவலை கொண்டிருந்தது. திரையில் அவர் படம் வந்தது. சிரித்த முகம், கறுப்புக் கண்ணாடி, கையில் வெள்ளைக் கோல். கீழே அவரைப் பற்றிய குறிப்பு. பிறவியிலிருந்து பார்வையற்றவர், பொறுமைசாலி, பாட்டுக் கேட்பதில் விருப்பமுள்ளவர்.

"இந்த முகத்தைப் பாருங்க," என்றார் தலைவர், குரல் தழுதழுக்க. "நாம என்ன செஞ்சாலும் இவருக்காகத்தான் செய்யறோம். காலைல எழுந்ததும் முதல்ல இவரைத்தான் நான் நெனச்சுக்கறேன். ஒரு சோதனை உள்ள வரச் சொல்லுது, இவர் நம்பி வர்றார், அதுக்குள்ள இன்னொரு சோதனை இவரை இல்லாம ஆக்கிடுது. இதைவிடக் கொடுமை உண்டா?"

இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒருவர் எழுந்து நின்று மௌனம் காக்கலாமா என்று கேட்டார். அத்தான் டீச்சர் பக்கமாகச் சாய்ந்தார்.

"யாரும்மா அவர்? எந்த ஊரு? ஏதாவது உதவி பண்ணலாமான்னு கேளேன்."

மைக்கை மூடிவிட்டு அவள் சொன்னாள்: "அப்படி ஒருத்தர் இல்ல அத்தான். சோதனைக்காக எழுதிவெச்சது."

"ஓ," என்றார் அத்தான். பிறகு, "நல்லா வெச்சிருக்காங்க," என்றார். கேலியா என்று அவளுக்குப் புரியவில்லை. இல்லை என்றுதான் பட்டது, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

டீச்சர் மைக்கைத் திறந்து, ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு தனிப் பயனரை உண்டாக்கிக் கொடுத்துவிட்டால் இந்தப் பிரச்சனையே வராது என்று சொன்னாள். ஒலிபெருக்கிக்கும் அப்படியே செய்யலாம் என்றாள். கூட்டத்தில் சலசலப்பு.

"ஒரு பயனரையே நம்மால ஒழுங்கா பாத்துக்க முடியல," என்றார் தலைவர். "இன்னும் நூறு பேரை உண்டாக்கி நடுத்தெருவுல விடச் சொல்றீங்களா? மனசு வருமா டீச்சர்?"

டீச்சரின் முகம் சிவந்தது. இல்லாத நூறு பேருக்குத் துரோகம் நினைத்தவளாக அத்தனை பேரும் அவளைப் பார்த்தார்கள். போலிப் பயனர் நலனுக்கென ஒரு துணைக்குழு அமைத்தார்கள். அதுவும் மற்றக் கூட்டங்களோடு ஒரே நேரத்தில் கூடும் என்று முடிவாயிற்று.

அடுத்த பொருள் வெளியீடு. தலைவர் வேறொரு படத்தைக் காட்டினார். ஓய்வறை. அடிக்கடி சிவப்பாகும் சோதனைகளை அனுப்பிவைக்கும் இடம். அங்கே போன சோதனையை யாரும் ஓட்டுவதில்லை, கேட்பதுமில்லை. ஓய்வறையில் இருக்கிற சோதனைகள் வெளியே இருக்கிறவற்றைவிட அதிகமாகியிருந்தன. தலைவர் அதை வளர்ச்சி என்று குறிப்பிட்டார்.

"இந்த வெளியீடு முழுப் பச்சையா வரணும். அடுத்த மாசம் மாநாட்டுல நான் இதைத்தான் பேசப் போறேன்," என்றார். "திரையில இருக்கற இந்தச் சோதனைகளை ஓய்வுக்கு அனுப்பிட்டா எல்லாம் பச்சை. டீச்சர், உங்க திருத்தமும் இன்னிக்கே உள்ள போயிடும். ஆனா நம்ம மரபு உங்களுக்குத் தெரியும். ஓய்வுக்கு அனுப்பறதுன்னா இங்க இருக்கற அத்தனை பேரும் ஒத்துக்கணும். ஒருத்தர் கை தூக்கலேன்னாலும் வெளியீடு தள்ளிப்போகும், உங்க திருத்தமும் தள்ளிப்போகும்."

டீச்சர் திரையைப் பார்த்தாள். மூன்றாவதாக ஹெட்போன் சோதனை இருந்தது.

"இது ஹெட்போன் சோதனையாச்சே," என்றாள். "நிஜமாவே ஏதாவது கெட்டுப்போனா இதுதானே சொல்லும்?"

"டீச்சர், ஓய்வுதானே குடுக்கறோம். வேலைய விட்டா அனுப்பறோம்?" தலைவர் சிரித்தார். "அது எப்பவும் கத்திக்கிட்டே இருக்கு. எப்பவும் கத்தறவன் சொல்றதை யார் நம்புவாங்க? நிஜமா ஏதாவது நடந்தா பயனர்களே சொல்லிடுவாங்க. அவங்களைவிடப் பெரிய சோதனை உண்டா?"

கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. சின்னச் சின்னச் சதுரங்களில் கைகள். டீச்சரின் சதுரம் மட்டும் கையில்லாமல் இருந்தது. எல்லாரும் காத்திருந்தார்கள். தேநீர் ஆறுகிறது என்று யாரோ சொன்னார்கள், சிரித்தார்கள். அவள் அந்த மேலதிகாரியின் தணிந்த குரலை நினைத்தாள். துணி மடிக்கிற அறையை நினைத்தாள். கையைத் தூக்கினாள்.

மணி அடித்தது. எல்லாரும் ஒத்துக்கொண்டால் அடிக்க அப்படி ஒரு சத்தம் வைத்திருந்தார்கள்.

"என்னம்மா முடிவாச்சு?" என்று கேட்டார் அத்தான்.

"உங்க பிரச்சனை தீந்துடுச்சு அத்தான். திங்கட்கிழமை புதுசு வந்துடும்."

அவர் இரண்டு கையையும் கூப்பினார், திரை எந்தப் பக்கம் இருக்கிறது என்று உத்தேசமாகப் பார்த்து. கேமராவுக்கு வெளியே இருந்ததால் யாரும் அதைப் பார்க்கவில்லை.

புது வெளியீடு முழுப் பச்சையாக வந்தது. குழுவின் வரலாற்றில் முதல் முறை என்று அறிவித்தார்கள். டீச்சருக்கு இளம் பச்சை என்று ஒரு பட்டம் கொடுத்தார்கள். அத்தானின் கம்ப்யூட்டரில் அவளே போய்ப் புதுசை ஏற்றிக் கொடுத்தாள். வரியின் நடுவில் வேண்டுமென்றே செய்தி வரவைத்துப் பார்த்தாள். வாலை விழுங்காமல் முழுசாகப் படித்து முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனது. அத்தான் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்து, கை தூக்கியதைப் பற்றி மனதில் இருந்த உறுத்தலைக் கீழே போட்டுவிட்டாள். ஒலிபெருக்கியில்தான் கேட்டுப் பார்த்தார்கள். ஹெட்போன் செருகிப் பார்க்கத் தோன்றவில்லை.

அந்த வெளியீட்டிலேயே ஒலியின் தரத்தை உயர்த்துவதாகத் தலைவர் தன் கைப்படச் சேர்த்த மாற்றம் ஒன்றும் இருந்தது.

மறுநாள் காலை முன் மேஜையில் நல்ல கூட்டம். ஒரு பெண் வந்து தன் சீட்டு எண்ணைச் சொன்னாள். கூட்டத்தின் இரைச்சல் கேட்காதபடி அத்தான் ஹெட்போனை இரண்டு காதிலும் பொருத்திக்கொண்டு எண்ணைத் தட்டினார். ஹெட்போனில் ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி தட்டினார், கேட்கவில்லை. சத்தம் குறைந்திருக்கிறது போல என்று வால்யூமைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். காதை இறுக்க அடைக்கிற ஹெட்போன். மேஜையின் முன்பக்கம் ஜனங்களைப் பார்த்து வைத்திருந்த ஒலிபெருக்கி அந்தப் பெண்ணின் பேரையும் வயதையும், மனநலப் பிரிவில் அவள் எத்தனை மாதமாகச் சிகிச்சையில் இருக்கிறாள் என்பதையும், என்ன மாத்திரை என்பதையும் வராந்தா முழுக்கக் கேட்கும்படி படித்தது. வரியின் நடுவில் வேறொரு செய்தி வந்தது. ஆனாலும் விடவில்லை. ஒரு வார்த்தை விழுங்காமல் கடைசி வரைக்கும் படித்து முடித்தது.

வரிசையில் அவளுக்குப் பின்னால் அவள் ஆபீஸில் வேலை செய்கிறவர்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவள் திரும்பிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்த ஆஸ்பத்திரிக்கு வரவே இல்லை. யாரோ தோளைத் தட்டி ஹெட்போனைக் கழற்றிய பிறகுதான் அத்தானுக்கு விஷயம் தெரிந்தது.

டீச்சர் தலைவரைக் கூப்பிட்டாள். அழுகையை அடக்கிக்கொண்டு நடந்ததைச் சொன்னாள். ஹெட்போன் போட்டாலும் சத்தம் வெளியே வருகிறது, உடனே திரும்பப் பெறுங்கள் என்றாள்.

"எங்க பலகையில எல்லாம் பச்சையா இருக்கே டீச்சர்," என்றார் தலைவர்.

"அதைப் பாக்கற சோதனைய நாமதானே ஓய்வுக்கு அனுப்பினோம்?"

"ஆமா. ஓய்வுல இருக்கறவங்களைத் தொந்தரவு பண்ணக் கூடாது, அது அடிப்படை மரியாதை. இப்ப செஞ்சா பச்சையான ஒரு வெளியீட்டையே திரும்பப் பெற்ற மாதிரி ஆகும். அப்படி நாம செஞ்சதே இல்ல." கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணு பண்ணுங்க. அந்தப் பயனர் என்ன செஞ்சார்னு அவர் வாயாலேயே சொல்லி எழுதி அனுப்பச் சொல்லுங்க. பயனர் குரல்தான் நமக்கு முக்கியம். பெரும்பாலும் அவங்கதான் எதையாவது அமுக்கியிருப்பாங்க."

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனாள். அத்தான் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். துணி மடிக்கிற அறையில் அன்று பாதி நாள் வேலை பார்த்துவிட்டு வந்திருந்தார். கைகளில் சலவை சோப்பு வாசனை. அக்கா சுவரோரம் நின்றாள்.

"அந்தப் பொண்ணு எப்படி இருக்கோ," என்றார் அத்தான். "போன்ல கூப்பிட்டு மன்னிப்புக் கேக்கலாம்னா நம்பர் பாக்க இனிமே எனக்கு அனுமதி இல்ல."

பிறகு கேட்டார்: "ஏம்மா, வெளிய விடறதுக்கு முன்னாடி இதையெல்லாம் சோதிச்சுப் பாப்பாங்கதானே?"

"பாப்பாங்க அத்தான்."

"எல்லாம் பாஸாச்சா?"

"எல்லாம் பச்சை."

"அப்ப தப்பு எம்மேலதான்," என்றார். யோசித்து வைத்திருந்தது போல நிதானமாகச் சொன்னார். "நான்தான் எதையோ அமுக்கியிருக்கேன். வால்யூமைக் கூட்டினதும் நான்தான். அவங்ககிட்ட எழுதிச் சொல்லிடணும். நம்மளால அவங்க பேரு கெட்டுடக் கூடாது, பாவம், சும்மா உழைக்கறாங்க. என்னால இப்ப அந்த மெஷினைத் தொட முடியல. நான் சொல்லச் சொல்ல நீ டைப் பண்ணிடறியா?"

அவள் டைப் செய்ய உட்கார்ந்தாள். அத்தான் மெதுவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். கவனக் குறைவு என்றார். பழக்கமின்மை என்றார். தவறு முழுக்க என்னுடையது, மென்பொருளில் குறை எதுவும் இல்லை என்றார். விசைகளின் சத்தம் அவர் பேச்சோடு கூடவே கேட்டுக்கொண்டிருந்தது. அக்கா பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தாள். தங்கையின் தோளில் கை வைத்தாள், பிறகு எடுத்துவிட்டாள்.

"முடிஞ்சுதா? இப்ப படி," என்றார் அத்தான்.

டீச்சர் படித்தாள். வாழ்நாளில் இவ்வளவு வெட்கமாக அவள் ஒரு வரியைப் படித்ததில்லை.

"'இந்தத் தவறு அவருடையது இல்லை. ஹெட்போன் போட்டிருந்தும் சத்தம் வெளியே போனது. அதைப் பிடிக்கக்கூடிய சோதனையை நிறுத்த எல்லாரும் சேர்ந்து முடிவு செய்தோம். அது எதற்கான சோதனை என்று தெரிந்தே சனிக்கிழமை நானும் கை தூக்கினேன்.'"

அத்தான் நாற்காலியின் கையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"சனிக்கிழமை நான் உன் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்?"

"ஆமா அத்தான்."

"உன் முழங்கை எம்மேல பட்டுது. தண்ணி எடுக்கப் போறியோன்னு நெனச்சேன்," என்றார் அவர். "நகந்து உக்காந்து இடம் குடுத்தேன்."